தாய்ப்பூனைக்குத் தர வேண்டியது

பூனைக்குட்டி எடுக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இரண்டு புள்ளிகளும் சற்றுத் தள்ளியிருந்தால் கடுவன். நெருங்கியிருந்து, கீழுள்ளது சிறு கீறலாகத் தெரிந்தால் பெட்டை. கடுவன் கையில் தங்கும். பெட்டை பெட்டிக்குள் திரும்பிப் போகும். வாலைத் தூக்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். மஞ்சள் என்றால் கடுவன், மூன்று நிறம் கலந்தது என்றால் பெட்டை. பூனையோடு பழகியவர்களின் கண்ணுக்குப் படிந்த இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரி. மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ். தாயிடமிருந்து வரும் அந்த ஒன்று மஞ்சளாக இருந்தால் உடம்பு முழுக்க மஞ்சள். பெட்டைக்கு இரண்டும் மஞ்சளாக அமைய வேண்டும். ஒன்று மஞ்சளும் மற்றது கறுப்புமாக வந்தால் இரண்டும் திட்டுத் திட்டாகத் தோலில் தெரியும். அதனால்தான் மஞ்சள் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவனாக இருக்கின்றன. மூவண்ணப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டை. அந்த மஞ்சளுக்குக் காரணமான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 2025இல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகக் குழுக்கள் வெளியிட்டன.

இத்தனை கவனமாகப் பாலினம் பார்ப்பதற்குக் காரணம் ஒன்றே. பெட்டை குட்டி போடும். யாரும் எடுக்காத பெட்டைக் குட்டிகள் என்ன ஆகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூனையைக் கொல்வது பெரும்பாவம் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமானது. ஆகவே யாரும் கொல்வதில்லை. அட்டைப்பெட்டியில் வைத்து மீன் மார்க்கெட்டிலோ, கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலோ, கோயில் மதிலோரத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். சாக்கில் கட்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் அவிழ்த்து விடுகிறவர்களும் உண்டு. நான்கு வாரக் குட்டிக்குப் பாலைத் தவிர வேறெதுவும் சரியாகச் செரிக்காது. இரவுக் குளிரில் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அது இன்னும் பழகியிருக்காது. பாவம் யாருடைய கணக்கிலும் ஏறாமல் அது செத்துப்போகிறது.

எங்கள் திருவரங்கத்தில், சித்திரை வீதிக்கு அருகே ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணின் பூனை, துணித் துண்டுகள் போட்டுவைக்கும் பெட்டியில் நான்கு குட்டி ஈன்றது. இரண்டு கடுவன், இரண்டு பெட்டை. கடுவன்கள் இரண்டுக்கும் கண் திறந்ததுமே ஆள் வந்துவிட்டார்கள். "டீச்சர், உங்களுக்கு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, மிச்சம் ரெண்டும் பொட்டதான்" என்றார் என்னிடம். அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் குட்டிகளுக்காகத்தான் என்பது பின்னால் புரிந்தது. இதற்கு முந்தைய ஈட்டில் மிஞ்சிய குட்டிகளை யாரோ உறவினர் எடுத்துப் போய் எங்கோ விட்டிருக்கிறார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருக்கிறார்.

குட்டியைத் தேர்ந்தெடுப்பது என்றால் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? கண்ணில் பீளை, காதில் கறுப்பு அழுக்கு, மூக்கொழுகல், உப்பிய வயிறு இவற்றை யாரும் பார்த்துவிடலாம். முழு வெள்ளையாக இருந்து இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை பிறவிச் செவிடு. ஆனால் பிறந்த சில வாரங்களுக்கு எல்லாக் குட்டிக்கும் கண் நீலம்தான் என்பதால் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் குட்டியை யார், எப்போது தூக்கினார்கள் என்பது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980களில் எய்லீன் கார்ஷ் என்ற உளவியலாளர் பூனைக்குட்டிகளை வெவ்வேறு வயதில் மனிதக் கைகளுக்குப் பழக்கிப் பார்த்தார். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் கை பட்டு வளர்ந்தவை மனிதரை நம்பின. அந்தக் காலம் தாண்டிய பிறகு பழக்கியவை ஒதுங்கியே இருந்தன. வாழ்நாள் முழுவதற்குமான நம்பிக்கை அந்தச் சில வாரங்களில் முடிவாகிவிடுகிறது. தையல்காரப் பெண்ணின் மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அந்தப் பெட்டியருகில்தான் உட்கார்வாள். நான்கு குட்டிகளும் அவள் மடியில் மாறி மாறித் தூங்கியவை. எனக்குக் குட்டி தேர்ந்தெடுத்துத் தந்தது அவள்தான் என்பேன்.

அப்பனுக்கும் பங்கு உண்டு. சாண்ட்ரா மக்கியூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. துணிச்சலும் சிநேகமும் உள்ள கடுவனுக்குப் பிறந்த குட்டிகள், அந்த அப்பனை ஒருமுறைகூடப் பார்க்காமல் வளர்ந்தும், புதியவர்களிடம் தயங்காமல் வந்தன. நம் தெருக்களில் அப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்? ஒரே ஈட்டுக் குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பன்கள் இருப்பதும் பூனைகளிடம் சாதாரணம். மதில்மேல் ஓடி மறைந்த ஏதோ ஒரு கடுவனின் தைரியமோ பயமோ நம் வீட்டுக் குட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் எடுத்தது சாம்பல் வரிப் பெட்டை. வீட்டுக்கு வந்த முதல் நாள் அது சாப்பிட்டது, விளையாடியது, அலமாரிக்கு அடியில் தூங்கியது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னை உறுத்தியது தையல் கடையில் நடந்தது. தாய்ப்பூனை பெட்டியை முகர்ந்து பார்த்தது, வெளியே வந்து குரல் கொடுத்தது, தையல் மிஷினுக்கு அடியிலும் பரண்மேலும் பக்கத்து வீட்டு மாடிப்படியிலும் தேடியது. பாலூட்டும் காலத்தில் குட்டிகளைக் கூப்பிடும் அந்தத் தணிந்த, தொண்டைக்குள் உருளும் குரலைப் பல நாட்கள் தெரு கேட்டது. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள்.  எங்கே வைத்தேன் என்று அது தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மார்ஜார நியாயம் தெரியாமல் இருக்காது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி எதையும் பற்றாது. தாய் வாயால் கவ்வித் தூக்கும். அருளைப் பெற உயிர் தானும் முயல வேண்டுமா, ஒப்புக்கொடுத்தால் போதுமா என்ற விவாதத்தில் வடகலையார் குரங்கையும் தென்கலையார் பூனையையும் எடுத்துக்காட்டினார்கள். பிடரியைக் கவ்வியதும் குட்டி உடம்பைத் தளர்த்தி, பின்கால்களை மடக்கி, வாலை அடிவயிற்றோடு சுருட்டிக்கொள்ளும். அந்தத் தளர்ச்சியைத்தான் சரணாகதி என்று பெரியவர்கள் கண்டார்கள். என் மனம் கவ்வுகிற வாயின் பக்கம் போகிறது. குட்டியைக் கேட்டு அது தூக்குவதில்லை. எங்கே கொண்டுபோகிறது என்பதற்கு முழுப் பொறுப்பும் அதனுடையது. போகிற இடத்தில் பாம்பு இருந்தாலும் வெயில் இருந்தாலும் அது தாய்ப்பூனையின் கணக்கு. நாம் ஒரு குட்டியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அந்த வாயின் இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசும்போது நல்ல மனிதர்கள் பலரும் முதலில் சொல்வது, "அதைக் கேட்காம நாம எப்படி முடிவு பண்றது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்காமல் தாயிடமிருந்து பிரித்தோம். கேட்காமல் பேர் வைத்தோம், கதவைச் சாத்தினோம், ஊசி போட்டோம். கேட்காமல் செய்தவற்றில் கடைசியாக வருவதுதான் இந்த அறுவை. அது மட்டும் நம்மை நிறுத்துவானேன் என்று யோசித்தால், கருத்தடை என்ற சொல்லுக்குப் பின்னால் நமக்கு ஒரு மனித வரலாறு இருப்பது தெரிகிறது. 1976–77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 82 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பகுதி ஆண்கள். பலர் மிரட்டப்பட்டும் சலுகை மறுக்கப்பட்டும் மேஜைக்கு வந்தவர்கள். என் தலைமுறைக்கு அந்த நாட்கள் நினைவிருக்கின்றன. ஒருவரின் உடலை இன்னொருவர் முடிவு செய்வது எத்தகைய கொடுமை என்பதை அங்கே கற்றோம். அந்த மனிதர்களைக் கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும், கேட்காததுதான் குற்றம். பூனையைக் கேட்க வழியே இல்லை. கேட்க முடியாத உயிரிடம் நம் கடமை குறைவதில்லை, கூடுகிறது. அதற்கு எது நல்லது என்று இருக்கும் அறிவையெல்லாம் கொண்டு யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த அறிவு என்ன சொல்கிறது? பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். அப்போது அது இன்னும் குட்டிதான், பால்பற்கள்கூட முழுதாக விழுந்திருக்காது. பகல் நீளமாக இருக்கும் மாதங்களில்தான் பூனை பருவத்துக்கு வரும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்கள் அதற்கு ஓய்வு. காவிரிக் கரையில் அந்த ஓய்வு கிடையாது. நம் ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஆண்டு முழுவதும் பூனைக்கு வசந்தம். சேர்க்கை நடந்தால்தான் சினைமுட்டை வெளிவரும் உடலமைப்பு பூனையுடையது. கடுவனின் உறுப்பில் உள்ள சிறு முட்கள்தான் அந்தத் தூண்டுதலைத் தருகின்றன. சேர்க்கையின் முடிவில் பெட்டை அலறித் திரும்பி அறைவது அதனால்தான். சேராவிட்டால் சில நாள் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கத்தத் தொடங்கும். சேர்ந்தால் 63 நாள் முதல் 65 நாளில் மூன்று நான்கு குட்டி. பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிப்பதும் நடக்கிறது. தையல் கடைப் பூனைக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. அதன் இடுப்பெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

"ஒரு ஈடாவது போட்டுக்கட்டும் டீச்சர், அதுக்கும் ஆசை இருக்காதா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். பரிவிலிருந்து வந்த கேள்வி என்பதால் நெடுநேரம் யோசித்தேன். பூனைக்குத் தாய்மை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பிறக்காத குட்டிக்காக அது ஏங்குவதாக எந்த அடையாளமும் இல்லை. பிறந்து, நக்கி, பால் கொடுத்து, வாசம் அறிந்த குட்டிக்காகத்தான் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை ஒவ்வொரு ஈட்டிலும் அதற்குக் கொடுப்பது நாம். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போவதை நாம் கொடுமை என்று சொல்வதில்லை, அறுவையைச் சொல்கிறோம். உடல்நலக் கணக்கும் ஒரு ஈடு போடட்டும் என்ற யோசனைக்கு எதிராகத்தான் இருக்கிறது. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் அறுவை செய்யப்பட்ட பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 விழுக்காடு குறைந்தது, ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 விழுக்காடு. இரண்டு வயதுக்குப் பிறகு செய்தால் அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. கருப்பையில் சீழ் பிடித்து உயிரைக் கொண்டுபோகும் நோயும் அறுவையோடு இல்லாமலாகிறது. வெட்டாமல் மாத்திரையோ ஊசியோ போட்டுத் தள்ளிப்போடலாமே என்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஹார்மோன் மருந்துகள் இந்த இரண்டு நோய்களுக்கும் வழி திறக்கின்றன.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். வயிற்றைத் திறந்து சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் எடுக்கிற சிகிச்சை அது. பிரிட்டனில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2008இல் வெளியானது. அதன்படி மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான பூனைகளில் ஏறக்குறைய 900க்கு ஒன்று இறந்தது. சிறிய எண்தான், ஆனால் அந்த ஒன்று யாரோ ஒருவரின் பூனை. மருந்தின் அளவுக்காகப் பூனையைத் துல்லியமாக எடை பார்க்கிறவரா, மயக்கம் தெளியும்வரை உடம்புச் சூட்டைக் கவனிக்கிறவரா, வலிக்கு மருந்து தருகிறவரா என்று மருத்துவரைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் பூனையைக் கொடுக்க வேண்டும். பிறகு பசி கூடும், செலவாகும் சக்தி குறையும். சோற்றைக் கால்பங்காவது குறைக்காவிட்டால் வயிறு தரையைத் தொடும். இதையெல்லாம் சொல்லாமல் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

வேறொரு தயக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. பூனைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் பிராட்ஷா 2013இல் வெளியிட்ட நூலில் அதை எழுப்பினார். வீட்டில் வளரும், மனிதரோடு நெருங்கிய பூனைகளுக்கெல்லாம் கருத்தடை செய்துவிட்டால் அடுத்த தலைமுறையைப் பெற்றுத் தருவது மனிதரை அஞ்சி ஓடும் தெருப்பூனைகளாக மட்டுமே இருக்கும் என்பது அவர் கவலை. சவுத்தாம்ப்டன் நகரின் ஒரு பகுதியில் வளர்ப்புப் பூனைகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆகியிருந்ததை அவர் குழு முன்பே கண்டிருந்தது. அப்பனின் சுபாவம் குட்டிக்கு வரும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு இந்தக் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அது அந்த நகரத்தின் கவலை. மீன் மார்க்கெட் ஓரத்தில் அட்டைப்பெட்டிகள் கிடக்கிற ஊரில், சிநேகமான குட்டிகள்கூட எடுக்க ஆளின்றிச் சாகின்றன. நல்ல குட்டிக்குப் பஞ்சம் வரும் நாள் வந்தால் அன்று மறுபடி யோசிக்கலாம்.

கடுவன்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கடுவன் எடுத்துப் போன இரண்டு வீட்டாரிடமும் ஆபரேஷன் செய்வீர்களா என்று கேட்டேன். ஒருவர் முகத்தைச் சுளித்தார். "ஆம்பளப் பூனைக்கு எதுக்குங்க? அது பாட்டுக்குச் சுத்திட்டு வரும்." அது போடும் குட்டிகள் வேறு யாருடைய பரணிலோ பிறக்கும். அந்தக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைக்கும் கை வேறு யாருடையதாகவோ இருக்கும். கடுவனின் அறுவை சில நிமிட வேலை, வயிற்றைத் திறப்பதில்லை. செய்தால் சுவரில் பீய்ச்சும் பழக்கம் பத்தில் ஒன்பது பூனைகளுக்கு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. பெட்டையைத் தேடி ரோட்டைக் கடப்பதும் குறையும். காது கிழிந்து, கன்னத்தில் கடிபட்டுச் சீழ் கட்டித் திரும்பும் கடுவன்களை எல்லாத் தெருவிலும் பார்க்கிறோம். அந்தக் கடிவாயில்தான் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வைரஸும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. தெருநாய்களின் கருத்தடைக்கு 2001இல் மத்திய அரசு தனி விதிகளே வகுத்தது. பூனையின் கதி பெரும்பாலும் அதற்குச் சோறு வைப்பவரின் மனசாட்சியில்தான் தொங்குகிறது.

குட்டிக்கு ஐந்து மாதம் நிறைவதற்குள் செய்துவிடுவது என்று நான் முடிவு செய்ய அதிக நாள் பிடிக்கவில்லை. தாமதமாகத் தோன்றியது வேறொன்று. நான் குட்டியை இலவசமாக எடுத்து வந்தேன். அதற்குத் தடுப்பூசியும் அறுவையும் செய்யப் பணம் எடுத்து வைத்தேன். அதைப் பெற்றுத் தந்த பூனை மறுபடி பெட்டியில் படுத்திருக்கிறது. தையல்காரப் பெண்ணுக்குக் கூலி சீருடைக் காலத்தில்தான் கொஞ்சம் கையில் நிற்கும். என் குட்டிக்கு மட்டும் செய்து முடித்தால் பெட்டி காலியாகாது. இன்னும் மூன்று மாதத்தில் வேறு யாரோ வந்து வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். குட்டி எடுத்த ஒவ்வொரு வீடும் தாயின் அறுவைச் செலவில் ஒரு பங்கு தர வேண்டும் என்று எனக்குப் பட்டது. கடுவன் எடுத்த இரண்டு வீட்டாரிடமும் பேசினோம். முகம் சுளித்தவரும் தந்தார், தன் கடுவனைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னார். நான்காவது குட்டியைத் தையல்காரரின் மகள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அந்தப் பங்கு அவர்களுடையது.

கால்நடை மருத்துவர், குட்டிகள் பால் மறந்து இரண்டு வாரம் கழியட்டும், மடி வற்றினால்தான் வெட்டுவது சுலபம் என்றார். அதுவரை கடைக்குள்ளேயே பூட்டி வைக்கச் சொன்னார். ஏற்கெனவே சினையாக இருந்தால் என்ன செய்வது என்று தையல்காரப் பெண்ணும் நானும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். தொடக்கத்திலேயே தெரிந்தால் அறுவையோடு முடித்துவிடுவது வழக்கம்தான், பல ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவரால் முடியாது என்றார். இருந்தால் பெறட்டும், வீடு தேடுவோம், அதற்குப் பிறகு செய்வோம் என்று ஒத்துக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. வரும் வெள்ளிக்கிழமை காலை நாள் குறித்திருக்கிறார்கள். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சோறு வைக்கக் கூடாது, தண்ணீர் வைக்கலாம். கடையை அன்று அரை நாள் சாத்துகிறார். கூடை என்னுடையது, ஆட்டோவுக்கு அவர் தருகிறார்.